வெள்ளை தொட்ட இடம்

தேவபிரசாதத்தின் கையில் யார் எந்தப் படத்தைக் கொடுத்தாலும் அவர் அதில் முகத்தைப் பார்ப்பதில்லை. நிறமில்லாத பொருள் ஏதாவது இருக்கிறதா என்றுதான் முதலில் தேடுவார். சட்டைப் பொத்தான், சுவர்க் கடிகாரத்தின் முகப்பு, எவர்சில்வர் டம்ளர், சிரிக்கிறவரின் பல். அது மஞ்சளாகவோ பச்சையாகவோ தெரிந்தால் படத்தை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிடுவார். கொடுத்தவர் பேசாமல் அதை எடுத்துக்கொண்டு போகவேண்டும்.

அவர் 1965-இல் நாசரேத்தில் பிறந்தவர். தகப்பனார் மிஷன் பள்ளியில் ஓவிய ஆசிரியர். மதுரையில் ஒரு கலர் லேபில் ஏழு ஆண்டுகள் பிரிண்ட் போடும் வேலை பார்த்துவிட்டு, 1991 ஜூன் மாதம் தூத்துக்குடிக்கு வந்து பெரிய கடைத்தெருவை ஒட்டிய சந்தில் ஸ்டுடியோ வைத்தார். 2004-இல் டிஜிட்டலுக்கு மாறினார். சங்கு ஏற்றுமதி செய்கிறவர்கள், உப்பு வியாபாரிகள், பட்டுக்கடைக்காரர்கள் எல்லோரும் விலைப்பட்டியல் படங்களுக்கு அவரிடம்தான் வருவார்கள். பால்வெள்ளைச் சங்கைப் பால்வெள்ளையாகவும், பழுப்பேறிய சங்கைப் பழுப்பாகவும் காட்டுகிறவர் ஊரில் அவர் ஒருவரே என்று பெயர்.

மனிதக் கண் தாராளமானது. மஞ்சள் பல்பின் கீழும் வேட்டியை வெள்ளை என்றே எடுத்துக்கொள்ளும். காமிராவுக்கு அந்தத் தாராளம் கிடையாது. குண்டு பல்பில் எல்லாம் மஞ்சளாகும். டியூப் லைட்டில் பச்சை ஏறும். நிழலில் நீலம் ஏறும். படத்துக்குள் நிறமற்ற இடம் எது என்று ஒரு இடத்தைக் காட்டிக் கொடுத்தால், அதை வைத்து மற்ற நிறங்களை எல்லாம் சரிசெய்துகொள்ளலாம். ஒயிட் பேலன்ஸ் என்பது இதுதான். தேவபிரசாதம் இதை ‘வெள்ளை தொடுவது’ என்பார். கணினித் திரையில் அந்த இடத்தைக் குறியால் ஒருமுறை தொட்டால் போதும். தொட்ட இடம் தவறினால் படத்தில் உள்ள ஒவ்வொரு நிறமும் தவறும். எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்வதால் பார்க்கிறவருக்குத் தெரியவும் தெரியாது.

அதற்காகவே அவர் ஒரு சாம்பல் நிற அட்டை வைத்திருந்தார். எந்தப் பக்கமும் சாயாத சாம்பல். மணப்பெண்ணின் கன்னத்தருகே அதைப் பிடித்து ஒரு படம் எடுத்த பிறகுதான் மற்ற படங்கள். மண்டபங்களில் அவருக்குச் ‘சாம்பல் அண்ணாச்சி’ என்றே பெயர். அதில் அவருக்குப் பெருமைதான்.

மற்றவர்களின் தவறை அவர் மன்னித்ததை, அதே ஊரில் அதே தொழிலில் இருக்கும் நான் ஒருமுறையும் பார்த்ததில்லை. 2018-இல் போட்டோகிராபர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம் நடந்தபோது லிங்கராஜ் என்பவர் புதிதாகச் செய்த கல்யாண ஆல்பத்தை எல்லோரும் பார்க்கட்டும் என்று சுற்றுக்கு விட்டார். தேவபிரசாதம் இரண்டு பக்கம் புரட்டிவிட்டு எழுந்து நின்றார்.

“லிங்கராஜ், பொண்ணு கட்டியிருக்கது அரக்குப் பட்டா?”

“ஆமா அண்ணாச்சி.”

“நீ செங்கல்லால்லா அடிச்சு வச்சிருக்க. மூஞ்சியப் பாரு, மஞ்சக்காமாலை. இந்தப் புள்ளைய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகாம மண்டபத்துக்கு ஏன்டே கொண்டு வந்தாக?”

கூட்டத்தில் நாற்பத்திரண்டு பேர் இருந்தார்கள். சிரிக்காதவர் இரண்டு பேர். ஒருவர் லிங்கராஜ். மற்றவர் கூட்டத்துக்கு இடம் கொடுத்திருந்த மண்டபத்துக்காரர், அந்தப் பெண்ணின் தகப்பனார். ஆல்பம் அடுத்த வாரமே லிங்கராஜிடம் திரும்பி வந்தது. எட்டு மாதத்தில் அவர் ஸ்டுடியோவை மூடிவிட்டு பழைய பஸ் நிலையத்தருகே போன் கவர் விற்க உட்கார்ந்தார். அந்த வழியாகப் போகும்போதெல்லாம் தேவபிரசாதம் உடன் வருகிறவரிடம் சொல்வார்: “கலர் கலரா விக்குதான் பாத்தியளா. இதுக்கு வெள்ளை தொட வேண்டாம்லா.” லிங்கராஜுக்குக் கேட்கும்படியாகத்தான் சொல்வார்.

2009 முதல் அவருக்குக் காவல் நிலைய வேலையும் இருந்தது. கரை ஒதுங்குகிற, தண்டவாளத்தில் கிடக்கிற, பெயர் தெரியாத உடல்களைப் பிணவறையில் படம் எடுத்துக் கொடுப்பது. முதல் தடவை சாம்பல் அட்டையைக் கொண்டுபோனார். வீடு திரும்பியதும் மனைவி ஜெப்ஸி காமிராப் பையை வாசலிலேயே நிறுத்திவிட்டார்.

“அந்த அட்டைய அங்கனயா எடுத்துட்டுப் போனீங்க?”

“தொழில்லா.”

“பொணத்துக்குப் பக்கத்துல பிடிச்ச அட்டைய நாளைக்குச் சாத்தான்குளத்துல கல்யாணப் பொண்ணு கன்னத்துல கொண்டு வைப்பீங்களா? நம்ம வேதக்காரங்கதான், தீட்டு கிடையாதுதான். அதுக்காக? பொண்ணோட அம்மாவுக்குத் தெரிஞ்சா செருப்பாலதான் அடிப்பா.”

அட்டை அதற்குப் பிறகு பிணவறைக்குப் போகவில்லை. இன்னொன்று வாங்கியிருக்கலாம். வாங்கவில்லை. “பொணத்துப் படத்த எவன் கூடத்துல மாட்டப் போறான்?” என்று அவரே என்னிடம் கேட்டிருக்கிறார். மேசையில் உடலுக்கு அடியில் விரிக்கும் வெள்ளைத் துணி இருந்தது. மருத்துவமனைச் சலவையில் கொதிநீரில் வெளுத்த துணி. அதைத் தொட்டால் போதும் என்று வைத்துக்கொண்டார். பதின்மூன்று ஆண்டுகளில் அப்படி இருநூற்றுப் பதினான்கு உடல்களை எடுத்தார். நிறத்தைப் பற்றி ஒருவரும் கேட்டதில்லை.

இருநூற்றுப் பதினான்காவது உடல் 2022 நவம்பர் 26, சனிக்கிழமை வந்தது.

அதற்கு ஒன்பது நாள் முன்பு, நவம்பர் 17 அன்று, திரேஸ்புரத்திலிருந்து சங்கு குளிக்கப் போன ரெக்ஸ் என்பவர் நான்காவது முறை முங்கியபோது மேலே வரவில்லை. காற்று கொடுக்கும் குழாய் மட்டும் தனியாக மிதந்து வந்தது. வயது முப்பத்துநான்கு. தாய் தகப்பன் இல்லை, கூடப் பிறந்தவர்களும் இல்லை. மனைவி பிளாரன்ஸ், நான்கு வயதில் ஜெமி என்று ஒரு மகள். மறுநாள் பிளாரன்ஸ் கொடுத்த புகாரில், கணவர் கடைசியாகப் போட்டிருந்தது நீலப் பனியன், கறுப்பு அரைக்கால் சட்டை என்று எழுதியிருக்கிறது. மோதிரத்தை முங்குமுன் படகிலேயே கழற்றி வைத்துவிட்டுத்தான் போவார்கள். அது படகிலேயே இருந்தது.

புன்னைக்காயலுக்குத் தெற்கே ஒதுங்கிய உடலுக்கு முகம் இல்லை. விரல்களில் தோல் இல்லை. உயரம் சரியாக இருந்தது. ஆனால் சங்கு குளிப்பவர்களில் பாதிப்பேர் அந்த உயரம்தான், கறுப்பு அரைக்கால் சட்டையும் எல்லோரும் போடுவதுதான். மிஞ்சியது பனியன். மழை மூட்டத்தில் கரையில் வைத்து உதவி ஆய்வாளர் சிவசுப்பிரமணியன் தன் போனில் ஒரு படம் எடுத்து, பக்கத்து வீட்டுக்காரர் மூலமாக பிளாரன்ஸுக்கு அனுப்பினார். அதில் பனியன் வெளிறிய நீலமாகத் தெரிந்தது. அவள் பார்த்தாள். அவர்தான் என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் துக்க மணி அடித்தார்கள். கல்லறையில் குழி வெட்டினார்கள். பெண்கள் சுற்றி உட்கார்ந்து பிளாரன்ஸின் தாலியைக் கழற்றினார்கள். உடலை ஒப்படைக்க வேண்டிய காகிதங்கள் மட்டும் திங்கட்கிழமைக்கு நின்றன. அவற்றோடு சேர்க்கவேண்டிய படங்களை, சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு எடுத்து, துணியில் வெள்ளை தொட்டு, உடலும் உடையும் மட்டும் தெரியும்படி ஓரங்களை வெட்டி பிரிண்ட் போட்டு, திங்கட்கிழமை காலை பத்து மணிக்குத் தேவபிரசாதம் நிலையத்துக்குக் கொண்டுபோனார். வெளியே வேனில் பெட்டி இருந்தது. பெட்டியில் ரெக்ஸின் பெயர் எழுதியாகிவிட்டது.

சிவசுப்பிரமணியன் படத்தை ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தார்.

“என்ன அண்ணாச்சி, பச்சையா இருக்கு?”

“பச்சைதான் சார்.”

“என் போன்ல நீலமால்லா இருக்கு? கரையில நேர்ல பாத்ததும் நீலம்னுதான் ஞாபகம்.”

“போன் அது இஷ்டத்துக்கு நிறம் போடும். ஞாபகத்துக்கு வெள்ளை தொட முடியாது சார். இது தொட்டு எடுத்தது.”

“நீங்களும் நேர்ல பாத்தீங்கள்லா? அப்போ எப்படி இருந்துச்சு?”

“என் கண்ணையே நான் நம்புறதில்ல. படத்தத்தான் நம்புவேன்.”

“அந்தப் பனியன எடுத்துப் பாத்துரலாம்னா, போஸ்ட்மார்ட்டத்துல கிழிச்சு எடுத்து உடம்புலருந்து வந்த தண்ணியில ஊறிக் கருப்பாக் கெடக்குங்காங்க. அண்ணாச்சி, வெளிய பெட்டி வந்து நிக்கி. உறுதியாச் சொல்லுங்க.”

“நூத்துக்கு நூறு.”

பிளாரன்ஸை உள்ளே கூப்பிட்டார்கள். அப்போது அவளுக்கு இருபத்தொன்பது வயது. படத்தை வாங்கி, பனியனைத் தவிர வேறு எதையும் பார்க்காமல் கையால் மறைத்துக்கொண்டு, வெகுநேரம் பார்த்தாள்.

“இது பச்சைல்லா,” என்றாள். பிறகு, “அவிய பனியன் நீலம். இது அவிய இல்ல,” என்றாள்.

நிலையத்து வராந்தாவில் வைத்தே கழற்றிய தாலியை மறுபடியும் அவள் கழுத்தில் போட்டார்கள். அவள் உள்ளே ஓடிவந்து தேவபிரசாதத்தின் காலைப் பிடித்துக்கொண்டாள். அவர் காலை இழுத்துக்கொள்ளவில்லை. பெட்டி திரும்பிப் போனது. வெட்டிய குழியை வெறுமனே மூடினார்கள்.

ரெக்ஸாக இருக்கலாம் என்று உறவினர் யாராவது ஒருவர் எழுதிக் கொடுத்து, மகளின் இரத்தமும் கொடுத்திருந்தால் மரபணுச் சோதனைக்கு அனுப்பியிருப்பார்கள். அதற்காக ஒரு பல்லை எடுத்துப் பத்திரப்படுத்தியும் இருந்தார்கள். அவர் இல்லை என்று ஆன பிறகு யார் எழுதிக் கொடுப்பது? டிசம்பர் 8 அன்று அந்த உடலைப் பொது இடுகாட்டில், கேட்க ஆளில்லாத வேறு மூன்று உடல்களோடு ஒரே குழியில் புதைத்தார்கள்.

தேவபிரசாதம் அந்தப் படத்துக்குக் கீழே ‘நிறம் சரிபார்க்கப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்திட்டு பிளாரன்ஸுக்கு ஒரு பிரதி கொடுத்தார். அவள் அதை லேமினேஷன் போட்டு, இலங்கைச் சிறையில் இருக்கிறாரா பாருங்கள் என்று ஆட்சியர் அலுவலகத்துக்கும் மீன்துறைக்கும் கொண்டுபோய்க் காட்டினாள். ஏழு தடவை மனுக் கொடுத்ததற்கு ரசீதுகள் இருக்கின்றன. ஸ்டுடியோவுக்கு வருகிறவர்களிடம் இவரும் சொல்லிக்கொண்டார்: ஒரு வெள்ளை தொட்டு ஒரு தாலியைத் திருப்பிக் கொடுத்தேன் என்று.

தெருவில் கதை வேறாக ஓடியது. செத்தவன் ரெக்ஸ் இல்லை என்றால் ரெக்ஸ் எங்கே? கடலுக்குள் போனவன் கரைக்கு வராமல் இருக்க ஒரு காரணம்தானே இருக்க முடியும் என்று பேசிக்கொண்டார்கள். தண்ணீர்க் குழாயடியில் ஒருத்தி கேட்டாள்:

“ஏளா பிளாரன்ஸு, ஒம் மாப்பிள்ள கொல்லத்துல லாரி ஓட்டுதானாம்லா? கூட ஒரு மலையாளத்துக்காரியாம்.”

“யாரு சொன்னா?”

“யாரு சொன்னா என்ன? குழாய மட்டும் மேல அனுப்பிட்டு மனுசன் வேற பக்கமா நீந்திட்டான் பாரு. கெட்டிக்காரன்தான்.”

குடத்தை நிரப்பாமலே அவள் திரும்பிப் போனாள். குழாயடியில் சிரித்தார்கள். மறுநாள் அதே கேள்வியை ஜெமியிடம் கேட்டார்கள்: “ஒங்க அப்பா ஒனக்கு எத்தன தம்பி வாங்கி வச்சிருக்காருளா?”

இப்படிப் பதினான்கு மாதங்கள் போயின.

2024 பிப்ரவரி 13, செவ்வாய்க்கிழமை. வேறொரு உடலைப் படம் எடுக்கத் தேவபிரசாதம் பிணவறைக்குப் போனார். அங்கே தூய்மைப் பணி பார்க்கும் சுடலைமாடத்தி மேசையில் துணியை விரித்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர், பேச்சுத்துணைக்கு ஏங்குகிறவர். அன்று தேவபிரசாதம் நல்ல மனநிலையில் இருந்தார்.

“மாடத்தி, ஒன் துணி வெள்ளை மாதிரி ஊருல ஒரு மண்டபத்துலயும் கிடையாது போ.”

“பின்ன என்ன அண்ணாச்சி. ஆஸ்பத்திரிச் சலவைக்குப் போட்டா போன கறை அப்படியே மஞ்சளாத் திரும்பி வருது. பெத்தவ வாரா, கெட்டுனவ வாரா. கடைசியாப் பாக்கும்போது அழுக்குத் துணியிலயா பாக்கணும்? வீட்டுக்குக் கொண்டு போயி நானே அலசுதேன்.”

“வீட்டுலயா?”

“ரெண்டு மூடி நீலம் ஊத்தி முக்கி எடுப்பேன். ஒரு மூடி ஊத்துனா மஞ்ச எட்டிப் பாக்கும். ரெண்டு ஊத்துனாத்தான் பளிச்சுனு இருக்கும்.”

“எத்தன நாளா இப்படி?”

“கொரோனா முடிஞ்சதுலருந்து. ஏன் அண்ணாச்சி, நல்லாத்தானே இருக்கு?”

சொட்டு நீலம் போட்ட துணி கண்ணுக்குத்தான் வெள்ளை. காமிராவுக்கு அது நீலம். அதைத் தொட்டு ‘இது நிறமற்றது’ என்று சொன்னால், கணினி அந்த நீலத்தைப் படம் முழுவதிலிருந்தும் எடுத்துவிடும். எடுத்தால் எல்லாம் மஞ்சளை நோக்கிச் சாயும். வெளிறிய நீலப் பனியன் பச்சையாகும். மாப்பிள்ளை வேட்டியில் நீலம் இருக்கும், அதில் வெள்ளை தொடக்கூடாது என்று சங்கத்தில் மூன்று முறை வகுப்பு எடுத்தவர் அவர்.

அன்று அவர் படம் எடுக்கவில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு ஸ்டுடியோவுக்கு வந்து 26.11.2022 தேதியிட்ட மூலக் கோப்பைத் திறந்தார். ஓரங்கள் வெட்டப்படாத அந்தப் படத்தின் வலது மூலையில் மேசையின் எவர்சில்வர் விளிம்பு தெரிந்தது. அதைத் தொட்டார். துணி நீலமானது. பனியனும் நீலமானது. அரை நிமிடம்கூட ஆகவில்லை.

அடுத்து அவர் செய்ததை நான் அவருடைய நோட்டில் பார்த்தேன். கொரோனாவுக்குப் பிறகு எடுத்த முப்பத்தொரு உடல்களின் கோப்புகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து, எவர்சில்வரையோ அடையாளச் சீட்டையோ தொட்டு, திருத்திச் சேமித்து, பழைய எண்ணுக்கு எதிரே புதிய எண்ணை எழுதியிருக்கிறார். அதற்கு நான்கு நாள் ஆயிற்று. அந்த நான்கு நாளும் அவர் ஒருவரிடமும் எதுவும் சொல்லவில்லை. ஐந்தாம் நாள் ஜெப்ஸியிடம் சொன்னார்.

“சொல்லாதீங்க,” என்றார் ஜெப்ஸி. “யாருட்டயும் சொல்லாதீங்க. செத்தவரு செத்துட்டாரு. அந்தப் புள்ள உயிரோட இருக்காருன்னு நெனச்சிக்கிட்டுக் காலத்த ஓட்டுது. அதப் போயி ஏன் கெடுக்கீங்க?”

“ரெக்கார்டு தப்பா இருக்கு ஜெப்ஸி.”

“அவளுக்காகப் போறீங்களா, ரெக்கார்டுக்காகவா?”

அவர் பழைய படத்தையும் புதிய படத்தையும் ஒரே உறையில் போட்டார்.

நிலையத்துக்குப் போனார். சிவசுப்பிரமணியன் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார்.

“நூத்துக்கு நூறுன்னு சொன்னீங்களே அண்ணாச்சி.”

“சொன்னேன்.”

“நான் பாட்டுக்குப் பெட்டிய ஏத்திவிட்டுருப்பேன். அன்னைக்கே முடிஞ்சிருக்கும்.” பிறகு கோப்பைப் புரட்டிப் பார்த்துச் சொன்னார்: “பல்லு இன்னும் இருக்கு. அந்தப் பொண்ணு ஒரு மனு எழுதிக் கொடுத்து, புள்ள ரத்தம் கொடுக்கச் சம்மதிச்சா அனுப்பலாம். நீங்களே போய்ச் சொல்லுங்க. இத நான் போய்ச் சொல்ல முடியாது.”

பிப்ரவரி 20 அன்று காலை பதினொன்றரைக்கு அவர் திரேஸ்புரம் போனார். பிளாரன்ஸ் வாசலில் கருவாடு பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். அவரைக் கண்டதும் எழுந்து கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, நாற்காலி எடுத்துப் போட்டாள்.

“வாங்க அண்ணாச்சி. ஏதும் சேதி வந்துச்சா? அங்கன ஜெயில்லருந்து?”

அவர் நின்றபடியே சொன்னார். துணி, நீலம், எவர்சில்வர் விளிம்பு, எல்லாவற்றையும் வரிசையாக, சங்கத்தில் வகுப்பு எடுப்பதைப் போலச் சொன்னார். பிறகு புதிய படத்தை நீட்டினார். அவள் வாங்கவில்லை. உள்ளே போய் லேமினேஷன் போட்ட பழைய படத்தை எடுத்துவந்தாள்.

“இது ஒங்க கையெழுத்துதானே?”

“ஆமா.”

“சரிபார்க்கப்பட்டதுன்னு எழுதிருக்கீக.”

“அது தப்பு. இப்போ கொண்டு வந்திருக்கதுதான் சரி.”

“அப்போ நாளைக்கு இன்னொண்ணு கொண்டு வருவீகளா? மஞ்சப் பனியன்னு?”

“இல்லம்மா. இனிமே மாறாது.”

“எவ்வளவு நிச்சயம்? அன்னைக்கு மாதிரி நூத்துக்கு நூறா?”

அப்போது அவர் ‘ஆமாம்’ என்று சொல்லியிருக்கலாம். ஆனால் எவர்சில்வர் பக்கத்துச் சுவரின் நிறத்தையும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும் என்பது அவருக்குத் தெரியும். சுவர் வெளிர்ப்பச்சை. அந்தத் தப்பை இன்னொரு முறை செய்ய அவர் தயாராக இல்லை.

“தொண்ணூத்தஞ்சு,” என்றார்.

பிளாரன்ஸ் அவரைப் பார்த்தாள். “அப்போ அஞ்சு இருக்குல்லா.”

“இருக்கு. ஆனா அந்தச் சோதனைக்கு நீ ஒரு கையெழுத்துப் போட்டா...”

“அஞ்சு இருக்குன்னு நீகதானே சொல்லுதீக? பொறவு நான் ஏன் கையெழுத்துப் போடணும்? என் புள்ள ரத்தத்தக் குத்தி எடுத்து, அவுக அப்பா செத்துட்டாகன்னு நானே எழுதிக் குடுக்கணுமா? ஒரு தடவ தாலியக் கழத்த வச்சாக. ஒங்க படத்தப் பாத்துட்டுத் திரும்பப் போட்டாக. இப்போ வேற படம் கொண்டு வந்திருக்கீகன்னு திரும்பக் கழத்தணும். என் கழுத்து என்ன, ஒங்க கடையில சட்டம் மாட்டுத ஆணியா?”

அக்கம்பக்கத்தார் கூடிவிட்டார்கள். குழாயடியில் லாரிக் கதை சொன்னவள்தான் முதலில் அழத் தொடங்கினாள். பிளாரன்ஸ் அழவில்லை.

“அன்னைக்கு அந்தப் பெட்டிய ஏத்திருந்தா,” என்றாள், “நான் அப்பவே அழுது முடிச்சிருப்பேன். ஓடிப்போனவன் பொண்டாட்டின்னு எவளும் சொல்லிருக்கமாட்டா. போங்க. இனிமே இந்தத் தெருவுக்கு வராதீக.”

அவர் புதிய படத்தை நாற்காலியில் வைத்தார். அவள் அதை எடுத்து அவர் சட்டைப் பைக்குள் திணித்தாள். விரல்களில் ஒட்டியிருந்த மீன் செதில்கள் சட்டையில் ஒட்டிக்கொண்டன.

மார்ச் 1 அன்று சிவசுப்பிரமணியன் போன் செய்தார். கேட்பாரில்லாத பழைய மாதிரிகளை அழிக்கும் பட்டியல் வந்திருக்கிறது. அந்தப் பல்லும் அதில் இருக்கிறது. மார்ச் 28-க்குள் குடும்பத்திலிருந்து மனு வந்தால் நிறுத்தி வைக்கலாம்.

தேவபிரசாதம் நேரில் போகவில்லை. வரக்கூடாது என்று அவள் சொன்னது ஒரு காரணம். நேரில் சொன்னால், சொன்னதற்கு அத்தாட்சி இருக்காது என்பது இன்னொன்று. மார்ச் 4 அன்று ஒரு பக்கக் கடிதம் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பினார். அனுப்புநர் இடத்தில் தன் பெயரையும் ஸ்டுடியோவின் பெயரையும் முழுமையாக எழுதியிருந்தார். பிளாரன்ஸ் அதைப் பார்த்தாள். மார்ச் 11 அன்று ‘வாங்க மறுத்தார்’ என்ற தபால்காரரின் குறிப்போடு உறை திரும்பி வந்தது. அவர் அதைப் பிரிக்காமல் தேதியிட்டு வைத்தார். ஜெப்ஸி தான் போய்ச் சொல்லிவருவதாக இரண்டு முறை சொன்னார். “தெரிவிச்சாச்சு” என்று அவர் சொல்லிவிட்டார்.

மார்ச் 28, வியாழக்கிழமை, பட்டியலில் இருந்தவை அழிக்கப்பட்டன.

ஏப்ரல் 2, செவ்வாய்க்கிழமை, ஸ்டுடியோ திறந்த சிறிது நேரத்தில் பிளாரன்ஸ் வந்தாள். ஜெமியையும் கூட்டி வந்திருந்தாள். ஒல்லியாகிவிட்டிருந்தாள். வாசல்படியிலேயே நின்று பேசினாள்.

“பெரிய வெள்ளிக்கிழம கோயில்ல ஆண்டவர் சுரூபத்தப் பெட்டியில வச்சுத் தூக்கிட்டுப் போனாக. வருசா வருசம் போறதுதான். இந்தத் தடவ என்னால நிக்க முடியல அண்ணாச்சி. ஆண்டவருக்கே பெட்டி இருக்கு. அவியளுக்கு இல்ல. மனு எழுதித் தாங்க. கையெழுத்துப் போடுதேன். ரத்தம் எடுக்கணும்னுதான் புள்ளையக் கூட்டியாந்தேன்.”

தேவபிரசாதம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“போன வியாழக்கிழமையோட முடிஞ்சு போச்சும்மா.”

“என்னது?”

“அந்தப் பல்ல அழிச்சுட்டாங்க. இனிமே சோதிக்க ஒண்ணும் கிடையாது.”

அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது படியேறி உள்ளே வந்தாள்.

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்லா?”

அவர் எழுந்து போய் அலமாரியைத் திறந்தார். கோப்பில் அந்த உறை எங்கே இருக்கிறது என்று தேடவேண்டியிருக்கவில்லை. கொண்டுவந்து அவள்முன் நீட்டினார்.

“நாலாம் தேதி தெரிவிச்சேன். பதினொண்ணாம் தேதி திரும்பி வந்துச்சு. இங்க பாரு, வாங்க மறுத்தார்னு போட்டிருக்கு.”

பிளாரன்ஸ் அந்த உறையைத் தொடவில்லை. முகவரியில் இருந்த தன் பெயரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“உள்ள என்ன எழுதிருக்கீக?”

அவர் கத்தரிக்கோலால் ஓரத்தை நேராக வெட்டி, கடிதத்தை எடுத்து, தேதியிலிருந்து கையெழுத்துவரை முழுவதும் வாசித்தார். ஐந்து வாக்கியங்கள். மார்ச் 28 என்ற தேதி இரண்டு இடத்தில் வந்தது. ஜெமி சுவரில் மாட்டியிருந்த மணமக்கள் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாசித்து முடித்ததும் பிளாரன்ஸ் கேட்டாள்: “அவியள எங்க பொதச்சாக?”

“பொது இடுகாட்டுல. நாலு பேரு ஒரே குழியில. எந்தக் குழின்னு அடையாளம் வைக்கல, இனி தோண்டி எடுத்துப் பிரிக்க முடியாது.”

அவள் தலையை ஆட்டினாள். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினாள். கழுத்தில் தாலி இருந்தது. காகிதம் எதுவும் இல்லாமல் கோயிலின் பங்குப் பதிவேட்டில் ரெக்ஸின் இறப்பை எழுத முடியாது. காகிதம் வருமுன்பே ஒரு முறை மணி அடித்து ஏமாந்த கோயிலில் இனி எழுதாமல் அடிக்கமாட்டார்கள். மணி அடிக்காமல் பெண்கள் வந்து அதைக் கழற்றமாட்டார்கள்.

ஜெப்ஸி ஸ்டுடியோவின் பின்னாலிருந்த வீட்டிலிருந்து எட்டிப் பார்த்து, “அந்தப் புள்ளைக்கு ஒரு வாய் தண்ணி குடுத்தீங்களா?” என்று கேட்டார்.

தேவபிரசாதம் கடிதத்தை உறைக்குள் வைத்தார். உறையின் மேல் ‘02.04.2024, பெறுநர் முன்னிலையில் பிரிக்கப்பட்டது’ என்று எழுதிக் கோப்பில் சேர்த்துவிட்டு, அன்றைய வேலைக்குச் சாம்பல் அட்டையை எடுத்துப் பையில் வைத்தார். காயல்பட்டினத்தில் பதினோரு மணிக்கு ஒரு நிக்காஹ் இருந்தது.